ஒரு முழுச் சுற்று

கிளாவா உள்ளே வந்தபோது டாக்டர் கிளெப் ஃபோமிச் ஜன்னலோரம் நின்று ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்று அறுவை சிகிச்சைகள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்கத் தெம்பிருக்காது என்பதால் நின்றார்.

"என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க, கிளெப் ஃபோமிச்," என்றாள் கிளாவா. அவள் ஆறாம் அறையின் நர்ஸ். "ரதியோன் கால் வளரலையாம். நான் நட்டைத் திருகாம ஏமாத்தினேனாம். தலைமை டாக்டர் புர்த்சேவ் சொல்றார்."

எதிர்மேஜையில் அல்ஃபியா பேனாவை மூடினாள். உஃபா நகரத்திலிருந்து பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர். களைப்பு என்றால் என்னவென்று இன்னும் கற்றுக்கொள்ளாதவள்.

சைபீரியாவின் அந்த எலும்பு மருத்துவமனைக்கு நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் வந்தது ஒரே காரியத்துக்காகத்தான். குட்டையான காலின் எலும்பை வெட்டி, சுற்றிலும் எஃகு வளையங்களைப் பூட்டுவார்கள். வளையங்களை இணைக்கும் தண்டுகளில் உள்ள நட்டுகளை ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்குக் கால் சுற்று திருகினால் வெட்டிய இடம் மெல்ல விலகும். அங்கே புது எலும்பு வளரும். பதினேழு வயது ரதியோனுக்கு மட்டும் இரண்டு வாரமாக இடைவெளி நகரவே இல்லை. வெட்டிய எலும்பு ஒட்டவும் தொடங்கிவிட்டது.

"ஒவ்வொரு நட்டுலயும் சிவப்பு நெயில் பாலிஷ்ல புள்ளி வெச்சிருக்கேன். திருகத் திருகப் புள்ளி நகரும். ஒரு வேளைகூட அது தப்பான இடத்துல நின்னதில்லை," என்றாள் கிளாவா. "அந்தப் பையனுக்குப் போய் நான் துரோகம் பண்ணுவேனா? தங்கமான பையன். சாயங்காலம் எல்லாரும் டி.வி.யில ஹாக்கி பார்க்க ஊன்றுகோலை ஊணிக்கிட்டு ஓடுவாங்க. அவன் மட்டும் பேசாம படுத்திருப்பான்."

கிளெப் ஃபோமிச் தேநீரைக் கீழே வைத்தார். "வாங்க, பார்ப்போம்."

ஆறாம் அறையில் மற்ற நான்கு பேரும் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு முனகிக்கொண்டிருந்தார்கள். கால் நீளும்போது கெண்டைச் சதை இழுக்கிற இழுப்பில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ரதியோன் மட்டும் தெளிந்த முகத்தோடு தலையணையில் சாய்ந்திருந்தான். கட்டில் கம்பியில் அவனுடைய ஸ்பானர் கயிற்றில் தொங்கியது. வீட்டுக்குப் போனபின் தாங்களே திருகிக்கொள்ள வேண்டுமே என்று எல்லோருக்கும் ஒன்று கொடுத்துப் பழக்குவார்கள்.

கிளெப் ஃபோமிச் குனிந்து தண்டுகளை வெகுநேரம் பார்த்தார். அல்ஃபியாவும் பார்த்தாள். அயோடின் பட்டுப் பட்டுப் பழுப்பேறிய திருகு மரைகளைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"வித்தியாசம் இப்ப எவ்வளவு, டாக்டர்?" என்று கேட்டான் ரதியோன். "ரெண்டு சென்டிமீட்டருக்கு மேலதானே?"

"மேலதான்," என்றார் அவர். "சாயங்காலம் வர்றேன்."

ஹாக்கி ஆட்டம் தொடங்கி அறை காலியானதும் மூவரும் திரும்பி வந்தார்கள். கிளெப் ஃபோமிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கிளாவா ஒழுங்காத்தான் திருகியிருக்காங்க. நட்டு நகர்ற இடத்துல அயோடின் கறை தேய்ஞ்சுபோகும். இங்க பாரும்மா அல்ஃபியா, நட்டு இனிமேதான் போகவேண்டிய பக்கத்துலயும் ஒரு மரை பளிச்சுன்னு இருக்கு. அப்படின்னா?"

"நட்டு அங்க போயிட்டுத் திரும்பியிருக்கு," என்றாள் அல்ஃபியா. "யாரோ பின்னாடி திருகியிருக்காங்க. ஆனா புள்ளி?"

"நாலு கால் சுற்று சேர்ந்தா ஒரு முழுச் சுற்று. அதை அப்படியே பின்னாடி விட்டா புள்ளி அதே இடத்துலதான் நிக்கும். கிளாவா நாள் பூரா திறந்ததை ஒருத்தன் தினமும் சாயங்காலம் மூடியிருக்கான். அவ்வளவு தண்டையும் திருகணும்னா ஆளில்லாத நேரம் வேணும், பக்கத்துலயே ஸ்பானர் வேணும். அதுவும் காலுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாம நடக்காது. கால் நீள்றவன் இப்படித் தூங்கி எழுந்த முகத்தோட இருக்கவும் மாட்டான்."

ரதியோன் போர்வை நுனியைக் கசக்கினான்.

"இங்க வர்ற எல்லாரும் எப்ப நடப்பேன்னுதான் கேப்பாங்க. நீ ஒருத்தன்தான் இன்னும் எவ்வளவு குட்டைன்னு கேட்ட. வித்தியாசம் ரெண்டு சென்டிமீட்டருக்குக் கீழ வந்தா பதினெட்டு வயசுல கட்டாய ராணுவத்துல எடுத்துக்குவாங்க. இல்லையா?" என்றார் கிளெப் ஃபோமிச்.

"எங்க அண்ணன் ஆப்கான் சண்டையிலேர்ந்து துத்தநாகச் சவப்பெட்டியில வந்தான்," என்றான் ரதியோன். "திறக்கக் கூடாதுன்னாங்க. அம்மா பெட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாங்க. கால் சரியாகணும்னு அம்மாதான் அதுக்கும் முன்னாடியே இங்க எழுதிப் போட்டாங்க. கூப்பிட்டப்ப வரமாட்டேன்னு சொல்ல முடியல." கிளாவாவைப் பார்க்காமலே சொன்னான்: "உங்க தலையில விழும்னு நெனைக்கல அக்கா."

"நெனைச்சிருக்கணும்டா," என்றாள் கிளாவா.

அல்ஃபியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புர்த்சேவ்கிட்ட சொல்லிடலாம். கிளாவா அக்காவைக் காப்பாத்த நம்மகிட்ட ஆதாரம் இருக்கு. அந்தக் கறை."

"சொன்னா, ராணுவத்துக்குத் தப்பக் காலைக் கெடுத்துக்கிட்டான்னு இவனை எங்க அனுப்புவாங்கன்னு தெரியுமா?" கிளெப் ஃபோமிச் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, தண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "கறைன்னா அழுக்கு. மருத்துவமனையில அழுக்கு இருக்கக் கூடாது."

மறுநாள் அவர் புர்த்சேவிடம், இளம் எலும்பு சீக்கிரம் ஒட்டிவிட்டது, வேகத்தைக் குறைவாகக் கணக்கிட்டது தன் பிழை என்றார். கிளாவா வேலையில் நீடித்தாள். கிளெப் ஃபோமிச்சிடமிருந்து அறுவை சிகிச்சைகளைப் பறித்து, மாணவர்களுக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள். ரதியோன் தடித்த அடிவைத்த பூட்ஸில் விந்தி விந்தி வாசலைக் கடந்ததை அல்ஃபியா மாடியிலிருந்து பார்த்தாள். செய்தது சரியா என்று அவளுக்கு விளங்கவில்லை.

சண்டை முடிந்து படைகள் ஆப்கானிலிருந்து திரும்பிய வருடம், பனி உருகும் நாட்களில், டாக்டர்கள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். மீசை அரும்பிய ஒருவன், அதே பூட்ஸ்; பின்னால் கைப்பையை அணைத்தபடி ஒரு அம்மா. அறுவை சிகிச்சைப் பொறுப்பு இப்போது அல்ஃபியாவிடம் இருந்தது; களைப்பையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை ஸ்பானர் என் பாக்கெட்லதான் இருக்கும்," என்றாள் கிளாவா, அவனை ஏற இறங்கப் பார்த்து.

அவன் தலையாட்டிவிட்டு, பாடம் முடித்து வந்து ஜன்னலோரம் நின்ற கிழவரிடம் திரும்பினான்.

"நான் எப்ப நடப்பேன், டாக்டர்?"

கிளெப் ஃபோமிச் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.