ஓய்வுக்காப்பு

வியாழன் மாலை மணி ஒலித்ததும் தூத்துக்குடியே கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனது. இனி திங்கள் காலை வரை யாரும் வேலை செய்யக் கூடாது. மணிக்கட்டில் இருக்கும் ஓய்வுக்காப்பு அதைக் கண்காணிக்கும். கை தன் தொழிலைச் செய்தால் காப்பு சிவக்கும்.

செசிந்தா முதியோர் இல்லத்தில் செவிலி. ஓய்வு நாள்களில் அங்கே ஊட்டுகரம் என்ற இயந்திரம்தான் சோறூட்டும். மற்றவர்களைப் பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள். பக்கவாதம் வந்த பொன்னுலிங்கத்துக்கு யாரும் இல்லை. அவர் இயந்திரத்துக்கு வாய் திறப்பதும் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்னும் மெலிந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை, பார்வையாளர் வாசல் வழியாகக் கஞ்சியோடு வந்தாள் செசிந்தா. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். மூன்றாவதானால் வேலை போய்விடும். மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே முதல் கரண்டியை நீட்டினாள். காப்பு சிவந்தது.

சற்று நேரத்தில் ஓய்வு ஆய்வாளர் தமிழரசி வந்து நின்றாள். ஊர் ஓயும்போதுதான் அவளுக்கு வேலை; செவ்வாய், புதன், வியாழன் அவளுடைய ஓய்வு நாள்கள்.

"மூணாவது தடவம்மா. இவரு உங்களுக்கு என்ன உறவு?"

அப்பா என்று சொன்னால் போதும்; உறவுக்கு ஊட்டுவது வேலையாகாது. செசிந்தாவுக்குப் பொய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல மேடம். பசிச்சிருப்பாரேன்னு வந்தேன்."

தமிழரசி கைத்திரையை எடுத்தாள். அதில் இரண்டே பொத்தான்கள்: பணி, உறவு. அவள் விரல் பணியின் பக்கம் போனது.

"ஏட்டி," என்றார் பொன்னுலிங்கம், வீட்டுப் பெண்ணை அதட்டுவதுபோல, கோணிய வாயால். "கஞ்சியில உப்பே இல்ல. உங்க வீட்டுல உப்புக்குப் பஞ்சமா?"

"இருக்கறதக் குடிங்க. வாய் மட்டும் கொறையல!"

தமிழரசியின் விரல் நின்றது. "வேல நாள்லயும் இப்படித்தான் கூப்பிடுவாரா?"

"இல்ல மேடம். சிஸ்டர்னுதான். உப்பில்லாட்டியும் பேசாமக் குடிச்சிருவாரு."

தமிழரசி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு உறவு என்ற பொத்தானை அழுத்தினாள். காப்பின் சிவப்பு மெல்ல அணைந்தது. செசிந்தா நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள்.

வாசல் வரை போன தமிழரசி திரும்பினாள். "ஓய்வு நாள்ல நானும் வீட்டுல தனியாத்தான் இருக்கேன். செவ்வாக்கிழமை... சும்மா வந்து உக்காந்திருக்கலாமா?"

பொன்னுலிங்கம் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார். திறந்த வாயோடு சொன்னார்:

"வரும்போது உப்பு கொண்டாரச் சொல்லு, ஏட்டி."