ஒரு டயர், மூன்று கேஜ்

குண்டூசியின் அம்மா பேருந்து ஓட்டுநர். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு வளைந்து நெளிந்த சாலையில் போனாலும், ஒருவர் தோள் இன்னொருவர் மேல் இடிக்காது. அவ்வளவு பக்குவமாக ஓட்டுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைச் சைக்கிளில் ஏறினால் மட்டும் பொத்தென்று விழுவார். போன வாரம் மூன்று முறை விழுந்தார். அதில் ஒரு முறை முள்செடிக்குள்.

எல்லாம் டயரால் வந்த வினை. பேருந்து டயரைப் போலவே சைக்கிள் டயருக்கும் கல் மாதிரி ஆகும்வரை காற்றடிப்பது அம்மாவின் வழக்கம். அப்படிப்பட்ட டயர் மலைப்பாதையில் பந்து மாதிரி துள்ளியது. கூடவே அம்மாவும் துள்ளினார்.

அம்மா சேர்ந்திருந்த சைக்கிள் குழுவின் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, பையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கேஜ் வாங்க வேண்டும். அடுத்த ஞாயிறு இருபத்தைந்துக்கு மேல் காட்டினால், அம்மா அடிவாரத்தில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருக்க வேண்டியதுதான்.

அந்த ஞாயிறுதான் குண்டூசியும் முதல் முறையாக மலைக்குப் போவதாக இருந்தது. அம்மா காவல் என்றால் அவளும் காவல்தான்.

சனிக்கிழமை மாலை மூவரும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். அப்பா வராமலே இருந்திருக்கலாம். பல் துலக்கும் பிரஷ் வாங்கவே இரண்டு வாரம் விசாரிக்கிற ஆள் அவர். கேஜைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார்.

"குண்டூசி, வழியை விட்டு அந்த டயர் பக்கமா போ," என்றார் அம்மா.

கடைக்காரர் பதறித் திரும்பினார். அது அந்த ஒல்லிப் பெண்ணின் செல்லப்பெயர் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மேசை மேல் மூன்று கேஜ்களை எடுத்து வைத்தார். ஒன்று பேனா மாதிரி. அழுத்தினால் பின்பக்கம் அளவுக்குச்சி எட்டிப் பார்க்கும். இன்னொன்று கடிகாரம் மாதிரி வட்டமாக, முள்ளோடு. மூன்றாவது கட்டைவிரல் அளவு. அதில் எண்கள் பளிச்சென்று எரிந்தன.

அம்மா பேனாவை எடுத்தார். டெப்போவில் பதினைந்து வருஷமாக இதுதானாம், பேட்டரி தொல்லையே இல்லையாம். அப்பா எரிகிற எண்களை எடுத்தார். ஐந்தாம் பக்கத்தில் அதைத்தான் கோடிட்டு வைத்திருந்தார். கடைக்காரர் கடிகாரத்தை வானளாவப் புகழ்ந்தார். அது இரண்டு வருஷமாக விற்காமல் கிடந்தது.

சுவரோரம் பழுது பார்த்து முடித்த ஒரு மலைச் சைக்கிள் நின்றது. இப்போதுதான் முப்பத்திரண்டு அடித்ததாகக் கடைக்காரர் சொன்னார். அதிலேயே சோதித்துவிடலாம் என்று முடிவாயிற்று.

அப்பா தயங்கித் தயங்கி வைத்துப் பார்த்தார். இருபத்தொன்பது. அம்மா டக்கென்று அழுத்தினார். இருபத்தெட்டு. கடைக்காரர் கடிகாரத்தை வைத்தார். இருபத்தாறு.

மூவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். உன் கேஜ்தான் பொய் சொல்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மறுபடி பார்த்தார்கள். இருபத்துமூன்று, இருபத்திரண்டு, இருபது. இன்னொரு சுற்று. பதினேழு, பதினாறு, பதினான்கு. எண்கள் இறங்க இறங்கக் குரல்கள் ஏறின.

டயர் பக்கத்தில் குந்தியிருந்த குண்டூசிக்கு மட்டும் வேறொன்று கேட்டது. ஒவ்வொரு முறையும் 'புஸ்' என்று ஒரு சத்தம். கூடவே அவள் கன்னத்தில் சில்லென்று காற்று.

"மூணு கேஜும் சரியாத்தான் காட்டுது," என்றாள். "நீங்கதான் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்சம் காத்தைத் திறந்து விடுறீங்க."

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கோட்டோடு பல் டாக்டர் உள்ளே வந்தார். அந்தச் சைக்கிள் அவருடையது.

குண்டூசி அவரிடம் பல் காட்டியவள். பழக்கதோஷத்தில் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

டாக்டர் டயரை அமுக்கிப் பார்த்தார். காலையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்தேனே, இன்னும் ஒட்டவில்லையா என்று கேட்டார். கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா எட்டாம் பக்கத்தைப் பார்த்தார். கடைக்காரருக்கு முகம் வாடிப்போயிற்று.

வேறு வழியில்லை. குண்டூசி வாயைத் திறந்தாள்.

"பஞ்சரை இவர் நல்லாத்தான் ஒட்டியிருக்கார், டாக்டர். நாங்க பார்த்துப் பார்த்தே காத்தைத் தீர்த்துட்டோம். அஞ்சு நிமிஷம் உட்காருங்க, நானே அடிச்சுத் தரேன்."

அந்தப் பெண் தானாக வாய் திறந்து டாக்டர் பார்த்ததே இல்லை. அந்த ஆச்சரியத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குண்டூசி மூச்சு வாங்கக் காற்றடித்தாள். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் கேஜை இரண்டு தடவை வைக்கச் சொன்னாள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு காற்று வீண். கடிகாரத்தில் இரண்டு குறைந்தது. பேனாவில் ஒன்று. அப்பாவுடையதில் மூன்று.

அப்பா ஐந்தாம் பக்கத்தை மடித்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் கேஜை வைத்த விதத்தையும் அவள் பார்த்திருந்தாள். தூங்குகிற பூனையைத் தொடுகிற மாதிரி வைத்தார். கோணலாக இருந்த இடைவெளியில் காற்று நழுவியது.

"அம்மா, அப்பாவோட கேஜை நீ வச்சுப் பாரேன்."

அம்மா நேராக ஓர் அழுத்து அழுத்தினார். 'புஸ்' சத்தமே இல்லை. முப்பது. மறுபடி வைத்தார். அதே முப்பது.

"உறுதியா அழுத்தணும்னு ஆறாம் பக்கத்துலயே எழுதியிருக்கேன்," என்றார் அப்பா, மலர்ந்த முகத்தோடு. டெப்போ கை என்றால் சும்மாவா என்றார் அம்மா. இரண்டு பேருக்கும் தான்தான் ஜெயித்ததாக நினைப்பு. குண்டூசி அதைக் கெடுக்கவில்லை. டாக்டர் தன் சைக்கிளில் ஏறிப் போனார். அப்பாவின் கேஜ் அம்மாவின் பைக்குள் போயிற்று. கடிகாரம் மூன்றாவது வருஷத்துக்காக அலமாரிக்குத் திரும்பியது.

மறுநாள் அடிவாரத்தில் தலைவி பார்க்க, அம்மா கேஜை ஒரே ஒரு தடவை வைத்தார். இருபத்தைந்து. உச்சிவரை ஏறி, அம்மா முன்னால், குண்டூசி பின்னால், வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் இறங்கினார்கள். டயர் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போவது போலிருந்தது. துள்ளல் இல்லை. பொத்தென்று யாரும் விழவில்லை.

கீழே அப்பா முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்து, பஞ்சு, மருந்து, நான்கு அளவில் பிளாஸ்டர் என்று வரிசையாக அடுக்கிக் காத்திருந்தார். இருவரும் முழுசாக வந்து நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனாலும் பெட்டியை மூடும்போது அவர் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போனது.

குண்டூசி முழங்கையை நீட்டினாள். "இங்க ஒரு சின்னக் கீறல்ப்பா."

அப்பா நான்கு அளவுகளையும் வைத்துப் பார்த்து, நிதானமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒட்டினார். கீறல் எங்கேடி என்று அம்மா குனிந்து தேடினார். பிளாஸ்டருக்கு அடியில் இருக்கிறது என்றாள் குண்டூசி.