புளியமரத்தில் ஒரு குரல்!

"ஐயோ... டாக்டர்!"

நர்ஸ் அம்சவல்லி போட்ட அலறலில் மலை ஆஸ்பத்திரியே கிடுகிடுத்தது.

1983. ஜவ்வாது மலைக்கு முதல்முறையாக ஜீப்பில் ஏறி வந்திருந்த, மூளை அலைகளை வரையும் மெஷின் பேய் பிடித்தாற்போல் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது. அதன் எட்டுப் பேனாக்களும் தாம்தூம் என்று குதித்தன.

கட்டிலில், தலை நிறைய ஒயரோடு சக்கரவர்த்தி. தன் தோப்புப் புளியமரம் பத்து நாளாகத் தன்னோடு பேசுகிறது என்கிறார்!

அவர் மனைவி அம்மாக்கண்ணு பேனாக்களையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூளைக் கோளாறு என்று டாக்டர் எழுதிவிட்டால் போச்சு! கதவருகே நிற்கும் ஹெட் கான்ஸ்டபிள் தாண்டவராயன் அவள் புருஷனை மத்தியான பஸ்ஸிலேயே மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார். தோப்பு கொழுந்தன் சிங்காரத்தின் கைக்குப் போய்விடும்.

புகார் கொடுத்தவனே அந்த உத்தமன்தான்!

மெஷினோடு வந்திருந்த டாக்டர் கோபால்சாமி காகிதத்தை இழுத்துப் பார்த்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு அலையைப் பார்த்ததே இல்லை!"

"நான் சொல்லல?" சிங்காரம் துள்ளினான். "பைத்தியம் முத்திப்போச்சுங்க! இல்லாட்டி ஒரு மரம், 'தோப்பத் தம்பிக்கு எழுதிக் குடு... இல்ல, ரத்தம் கக்கிச் சாவே'ன்னு பேசுமா?"

டாக்டர் பேனாவைத் திறந்தார்... கையெழுத்துப் போட!

"நிறுத்துங்க!"

அம்மாக்கண்ணு.

"இன்னா தம்பி... மரம் பேசுதுன்னுதான் ஊருக்குத் தெரியும். இன்னா பேசுச்சுன்னு எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நான் யாருக்கும் சொல்லல. உனக்கு எப்படித் தெரியும்?"

சிங்காரம் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"அது... காத்துல கேட்டுச்சு அண்ணி..."

"கெளைமேல குந்திக்கினு கேட்டியா?" தாண்டவராயன் லத்தியைத் தூக்கினார்.

"அடிக்காதீங்க! நான்தான் மரத்துல ஏறி, பானைக்குள்ள வாய வெச்சிப் பேசினேன்!"

"அப்போ இந்த அலை?" டாக்டர் குழம்பிப்போய் ஒயரைத் தொட்டார். வழுக்கியது! முகர்ந்தார். "தலையில என்னம்மா?"

"வெளக்கெண்ணெய்ங்க. பெரிய டாக்டரப் பாக்கப் பரட்டத் தலையோட வந்தா மரியாதையாங்க? வராண்டாவுலதான் அரை பாட்டில் வெச்சித் தேச்சேன்."

"அடக் கடவுளே! எண்ணெய் இருந்தா ஒயர் மண்டையில ஒட்டாதும்மா. கிறுக்குப் பிடிச்சது மூளைக்கில்ல, மெஷினுக்கு!"

சீயக்காய் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டினார்கள். பேனாக்கள் சாதுவாக அலையலையாய் நடந்தன.

"வலிப்பு கிலிப்பு எதுவும் இல்லை" என்றார் டாக்டர். "பைத்தியமா இல்லையான்னு சொல்ல இந்த மெஷினால முடியாது. அதுக்கு மனுஷன்கிட்ட உக்காந்து பேசணும். உங்க சம்சாரம் பண்ணின அந்த வேலையை நான் பண்ணலை."

சக்கரவர்த்தியின் முகம் வாடியது.

"அப்ப மரம் பேசலியா? நான் பதில் வேற சொல்லிக்கினு இருந்தேனே!"

சிங்காரத்தின் கையில் விலங்கு விழுந்தது.

"டாக்டர்! எனக்குத்தான் பைத்தியம்! என் மண்டையில மாட்டிப் பாருங்க!"

அம்மாக்கண்ணு மிச்சமிருந்த அரை பாட்டிலின் மூடியைத் திறந்தாள்.

"குனி தம்பி... எண்ணெய் வெச்சி வுடறேன்!"