உள்ளிருந்து முடுக்கிய திருகாணி

நேற்றுவரை சமமாக இருந்த, பெட்டியின் பக்கப்பலகையில், ரோண்டாவின் தோள் உயரத்தில், இன்று ஒரு புடைப்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கை தானாக ஏறி இறங்கியதில்தான் தெரிந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை தண்ணீர் பட்டால் உப்பும், சரி. ஆனால் டொலிடோ நகரத்தின் ஜனவரிக் குளிரில், வீட்டைச் சூடாக்கும் உலை ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் நிலவறையில், உதடு வெடிக்கிற வறட்சியில், தண்ணீர் எங்கிருந்து வந்தது?

"உனக்கு அவ்வளவு திமிரா?" என்று பலகையிடம் கேட்டுவிட்டு அழுத்தித் தேய்த்தாள்.

அந்தப் பெட்டி அவளுடைய பழைய ஆத்திரம். சின்ன வயதில், காசு போட்டு வீடியோ கேம் ஆடும் விளையாட்டுக் கூடத்தில், பையன்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஒருவனும் வழி விட்டதில்லை. கல்யாணமான பிறகு இந்த நிலவறை கணவன் கர்ட்டின் ராஜ்யம், சுத்தியலைக்கூட அவள் தொடக்கூடாது. விவாகரத்தில் வீடு அவளுக்கு வந்தது, கருவிகள் அவனுக்குப் போயின. அவற்றை எடுத்துப்போக நாளை வருகிறான். அதற்குள், ஒரு கை உதவியில்லாமல், ஆளுயர விளையாட்டுப் பெட்டியை முடித்து அவன் முகத்துக்கு எதிரே நிறுத்திவிட வேண்டும்.

காலையில் அவன் போன் செய்தபோதும் அதே பேச்சுதான்.

"முடியலன்னா சொல்லிடு ரோனி. நானே ஒரு வழி பண்ணித் தரேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். வந்து பாத்துட்டுப் போ."

வரைபடம் எதுவும் அவளிடம் இல்லை. ஆற்றோரத்தில் வெள்ளம் புகுந்து மூடிய ஒரு கூடத்திலிருந்து பழைய பெட்டி ஒன்றின் வெற்றுக்கூட்டை வாங்கி, புதுப் பலகையின் மேல் கிடத்தி, மரம் செதுக்கும் ரூட்டர் மெஷினை அதன் ஓரத்தோடு ஓட்டிப் பிரதி எடுத்தாள். அந்த மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைக் காட்டினாலும் அப்படியே செதுக்கும். வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டு டுவேன்தான் பழைய கூட்டைக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோனான்.

"வெத்துப் பெட்டிதானே, ஏன் இந்தக் கனம் கனக்குது?" என்று மூச்சு வாங்கினான். "பின்கதவ நெம்பிப் பாத்தேன், அசையவே இல்ல. திருகாணி ஒண்ணுகூட கண்ணுல படல."

படாதுதான். நல்ல கைவேலை என்றால் எல்லாத் திருகாணியையும் உள்ளிருந்து முடுக்க வேண்டும். தன் பெட்டியையும் அப்படித்தான் செய்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்கியபோது புடைப்பு திரும்ப வந்திருந்தது. இப்போது அதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் இன்னொன்று, கீழே முழங்கால் உயரத்தில் மற்றொன்று. மரத்தூள் வாசனைக்கு அடியில் ஆற்றுச் சேற்றின் நாற்றம். படிக்கட்டுக்கு மேலே சட்டியில் பீன்ஸும் கறியும் கொதிக்கும் சத்தம் கேட்டது, வெளியே டுவேன் பனியை வாருகிற சத்தம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில், மிக மெதுவாக, பலகை முனகும் சத்தம்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. இருந்த கவ்வுகளையெல்லாம் எடுத்துவந்து இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். "இது என் பெட்டி. கேட்டுச்சா?"

மிச்சம் இருந்தது திரை வரும் இடத்துக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டம் மட்டும். பின்கதவுப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, திருப்புளியோடு உள்ளே நுழைந்தாள். நிற்க இடம் சரியாக இருந்தது. சட்டத்தைப் பொருத்தினாள். கடைசித் திருகாணி கிறீச்சிட்டு இறுகியது.

திரும்பினாள்.

எதிரே பலகை.

கையால் தடவினாள். மேலே, கீழே, ஓரத்தில். வாசல் இல்லை. பின்கதவு பொருந்தியிருந்தது. அதன் ஓரம் முழுக்கத் திருகாணித் தலைகள், உள்பக்கமாக, அவளே முடுக்கியதுபோல் அத்தனை நேர்த்தியாக.

கத்தினாள். டுவேனின் பனி வாரும் சத்தம் நிற்கவே இல்லை.

"சரி," என்றாள். "உள்ளே முடுக்கினா உள்ளயே கழட்டலாம்." ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாம் வெண்ணெயிலிருந்து உருவிய கத்திபோல் வந்தன. கடைசியும் காலடியில் விழுந்தது. பலகை அசையவில்லை. தோளால் இடித்தாள். உதைத்தாள். விளக்கு மங்கியது. அணைந்தது. ஈர நாற்றம். முழங்கால்வரை குளிர்.

எவ்வளவு நேரம் போனதோ. படியில் பூட்ஸ் சத்தம்.

"ரோனி? மேல அடுப்புல சட்டி தீஞ்சு கெடக்குது..." கர்ட். அவள் இரண்டு கையாலும் பலகையை அறைந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"அடுப்ப மறந்துட்டுக் கடைக்குப் போயிருப்பா," என்றான் அவன் தனக்குத்தானே. அவன் உள்ளங்கை வெளிப்பக்கம் மெல்ல வழுக்கிப்போனது, அவள் முகத்துக்கு நேராக.

"அடேயப்பா. ஒரு திருகாணி வெளிய தெரியல. நெஜமாவே முடிச்சுட்டாளே!"

பிறகு தன் கவ்வுகளைக் கழற்றினான். ஒன்று. இன்னொன்று. ஒவ்வொன்றும் பெட்டிக்குள் இடிபோல் அதிர்ந்தது. கருவிகள் பையில் விழுந்தன. பூட்ஸ் படியேறியது. விளக்கை அணைக்கும் சொடுக்குச் சத்தம்.

இருட்டில் ரோண்டா அழவில்லை. பக்கப்பலகையைத் தடவினாள். அவள் தேய்த்த புடைப்புக்கு நேர் உள்ளே, தோளுக்கு ஒரு குழி இருந்தது. வைத்தாள், பொருந்தியது. கைக்கு ஒன்று, விரல் விரலாக. முழங்காலுக்கு ஒன்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். பலகை ஒரு நூல் அளவு வெளியே புடைத்தது.