பத்தும் சரி, கடைசி இடம்

"நத்தைன்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்க கூப்பிட்டேன்? திரையில நத்தை படம் வந்துச்சு. படிச்சுக் காட்டினேன். சண்டை போடணும்னா போய் திரைகிட்ட போடு."

"ரெண்டு வாரமா இதையேதான் சொல்ற."

"ரெண்டு வாரமா நீதானே கடைசி."

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த குடைச்சலின் காதில் இவ்வளவும் விழுந்தது. ஓயாமல் ஏன், எதற்கு என்று கேட்பதால் அப்பா அவளுக்கு வைத்த பேர் அது. வகுப்பிலும் அதுவே நிலைத்துவிட்டது. சண்டை போட்டவர்களில் ஒருத்தி அவளுடைய தோழி சுருட்டை. இன்னொருவன் மின்னல். வெள்ளிக்கிழமைப் போட்டியில் எப்போதும் அவன்தான் முதல்.

அந்தப் போட்டியை டீச்சர் இந்த வருடம்தான் ஓர் ஆப் மூலம் கொண்டுவந்தார். வாரம் ஒருவர் முறைவைத்துக் கேள்வி தயாரிக்க வேண்டும். சுவரில் இருக்கும் பெரிய திரையில் கேள்வி வரும். ஆளுக்கொரு தொடுதிரை டேப். அதில் நான்கு வண்ணக் கட்டங்கள். சரியான கட்டத்தைத் தொட வேண்டும். உடனே தொட்டால் நூறு புள்ளி. நேரம் ஆக ஆகப் புள்ளி குறையும். கடைசி நொடியில் தொட்டால் ஐந்துதான். முடிந்ததும் திரையில் பேர் வரிசை வரும். முதல் பேருக்குப் பக்கத்தில் ராக்கெட், கடைசிப் பேருக்குப் பக்கத்தில் நத்தை. நத்தை கொம்பை ஆட்டும். வகுப்பே சிரிக்கும்.

மின்னல் போனபின் குடைச்சல் கேட்டாள். "உனக்கு விடை தெரியலையா?"

"தெரியும். ஆனா கேள்வியை ரெண்டு தடவை படிச்சாதான் எனக்கு நிம்மதி. அதுக்குள்ள புள்ளி எல்லாம் போயிடுது."

"உன் டேப்பைக் காட்டு."

வகுப்புக்குள் போய்ச் சுருட்டை காட்டினாள். வரிசையாகப் பச்சை டிக். பத்துக்குப் பத்து சரி. கீழே, 'உங்கள் இடம்: கடைசி.'

குடைச்சலுக்குக் காது சூடேறியது. மின்னலின் டேப்பையும் எட்டிப் பார்த்திருந்தாள். அவனுக்கு ஆறுதான் சரி. ஆறு சரியானவனுக்கு ராக்கெட்டா? பத்தும் சரியானவளுக்கு நத்தையா?

"அடுத்த வாரமும் கடைசின்னா என்னைக் கீழ்த்தள ரூமுக்கு மாத்திடுவாங்க," என்றாள் சுருட்டை. "மூணு தடவை கடைசி வந்தா தனி வகுப்புன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அங்க கூட்டல் கழித்தல்ல இருந்து சொல்லித் தருவாங்களாம்."

குடைச்சல் நேராக டீச்சரிடம் போனாள். டீச்சர் டேப்களுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், சுருட்டைக்குப் பத்தும் சரி. அவ எப்படி கடைசி?"

"கணக்குப் போடறது ஆப்மா. அது தப்பாப் போடாது."

"தப்பாப் போடலை டீச்சர். தப்பான கணக்கைப் போடுது."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. முன்னாடி பாதிப் பேர் தூங்கி வழிவீங்க. இப்ப எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கீங்க பார். அடுத்த வாரம் கேள்வி தயாரிக்கிற முறை உன்னோடது. போய் அதைப் பாரு."

குடைச்சலுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வாசல்வரை போனவள் நின்றாள். கேள்வி தயாரிக்கிற முறை யாருடையது என்று சொன்னார் டீச்சர்?

அந்த வாரம் முழுக்க அவள் பாடப் புத்தகத்தோடுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. "கேள்வி போடறவ ஆட முடியாதில்ல? உன் டேப்பைக் குடு, நானும் ஆடறேன்," என்றார் டீச்சர். வகுப்பு கைதட்டியது.

முதல் கேள்வி. 'குளத்தில் பத்து மீன்கள். அவற்றில் மூன்று நீந்தி மறுகரைப் பக்கம் போயின. குளத்தில் இப்போது எத்தனை மீன்கள்?'

டப் டப் என்று விரல்கள் விழுந்தன. மின்னல் ஏழைத் தொட்டான். டீச்சரும் ஏழு. திரையில் 'பத்து' என்று வந்தது.

"ஏய், மறுகரைப் பக்கமும் குளம்தானே," என்று யாரோ முனகினார்கள்.

அடுத்தது. 'ஒரு கிலோ பஞ்சு, அரைக் கிலோ இரும்பு. எது அதிக கனம்?'

"இது எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் 'இரண்டும் சமம்' என்பதைத் தொட்டார். தொட்ட பிறகுதான் 'அரை' கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது. 'வானவில்லில் உள்ள ஏழு நிறங்களில் இல்லாதது எது?' மின்னல் பாதி வரியிலேயே சிவப்பைத் தொட்டுவிட்டான். விடை பழுப்பு.

நான்காவது கேள்விக்கு வகுப்பே அமைதியாகிவிட்டது. எல்லோரும் உதட்டை அசைத்துப் படித்தார்கள். விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் டீச்சர் மட்டும் மறுபடி தப்பாகத் தொட்டார்.

பத்துக் கேள்வியும் முடிந்து பேர் வரிசை வந்தது. சுருட்டை ஏழாவது. கடைசி இடத்தில் குடைச்சலின் பேர், அதாவது டீச்சர். பக்கத்தில் நத்தை கொம்பை ஆட்டியது.

சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் திரையையே பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "இத்தனை பேர் முன்னாடி இந்த நத்தை கொம்பை ஆட்டறப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

"டீச்சர், எத்தனை சரின்னு காட்டற பக்கமும் அதுல இருக்கு. அதைத் திறங்க," என்றாள் குடைச்சல்.

டீச்சர் திறந்தார். முதல் பேர் சுருட்டை. போன வாரத்தைத் திறந்தார். சுருட்டை. அதற்கும் முந்தின வாரத்தைத் திறந்தார். சுருட்டைதான்.

"இதை நான் பார்க்கவே இல்லையேம்மா. வரிசை வந்ததும் மூடிடுவேன்," என்றார் சுருட்டையிடம். "நீ எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இரு."

சுருட்டை தலையை ஆட்டினாள்.

ஆப்பின் அமைப்புகளில் 'நேரப் புள்ளி' என்று ஒரு பொத்தான் இருந்தது. டீச்சர் அதை அணைத்தார். நத்தைப் படத்தை எடுக்கவும் ஒரு பொத்தான் இருந்தது. அதையும் அணைத்தார்.

அப்போது மின்னல் எழுந்தான். "டீச்சர், எனக்கு எழுத்து கோணல். மனப்பாடமும் வராது. வேகம் ஒண்ணுதான் வரும். அதையும் எடுத்துட்டா நான் எதுல ஜெயிக்கிறது?"

திட்டத் தயாராக இருந்த குடைச்சல் வாயை மூடிக்கொண்டாள். அவன் கேட்டதும் நியாயம்போலத்தான் பட்டது.

"சரி, நீங்களே ஒரு விதி போடுங்க. திங்கட்கிழமை அதை வச்சு ஆடலாம்," என்றார் டீச்சர்.

சுருட்டை, மின்னல், குடைச்சல் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரியாகச் சொல்பவரும் வேகமாகச் சொல்பவரும் ஒரே ஆட்டத்தில் சந்தோஷமாக ஆட என்ன விதி போடலாம்? உங்களுக்குத் தோன்றுவதை அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள், தம்பி தங்கைகளே.