கொட்டிக் கிடந்த பை

விஜயதசமி, காலை பத்து மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனி. ஷெட்டுக்குள் மேடை, மைக், சுண்டல் எல்லாம் தயார். சூப்பர்வைசர் மோகன்ராஜ், ஆன்லைனில் மலிவாக வாங்கிய எலெக்ட்ரிக் மேண்டலினோடு உட்கார்ந்தான். புதுக் கம்பிகள் மின்னின. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டையின் ஓரமாக, நேற்று வீட்டுப் பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு.

கீழ்ஸ்தாயி கணீரென்று வந்தது. மேலே போகப் போக ஒரே அபஸ்வரம். பாழாய்ப்போன ஸ்பீக்கர் அதை ஷெட் முழுக்கக் கொண்டுபோய்க் கொட்டியது. முன்வரிசையில் முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"டேய் ஸ்டீவன்! இன்னாடா பண்ணி வெச்ச?" மோகன்ராஜ் கத்தினான்.

ஸ்டீவன் ஒப்பந்தத் தொழிலாளி. சர்ச்சில் மேண்டலின் வாசிப்பவன். போன வாரம் இதில் கம்பி உயரத்தைக் குறைத்து, சுருதி சரிபார்த்துக் கொடுத்தவன் அவன்தான். இன்று காரிலிருந்து மேடைக்குத் தூக்கி வந்ததும் அவனே.

"நான் ஒண்ணும் பண்லியே சார்."

"பொறாமைடா உனக்கு! கேட் பாஸைக் குடுத்துட்டுக் கெளம்பு. இனிமே இங்க வேலை கெடையாது."

கச்சேரி கேட்க வந்திருந்த நர்மதா எழுந்தாள். மோகன்ராஜின் அக்கா, சப் இன்ஸ்பெக்டர். கேள்விக்கு முன்னால் கை போனது. ஏதாவது கருவி ஒளித்து வைத்திருக்கிறானா என்று ஸ்டீவனின் பையை அத்தனை பேர் எதிரிலும் தரையில் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, ஒரு சட்டை, பைபிள், மகளுக்கு வாங்கிய ஹேர்பேண்ட். அவ்வளவுதான். பேக்கிங்கில் வேலை செய்யும் அவன் மனைவி கிறிஸ்டினா பார்த்துக்கொண்டே நின்றாள்.

நர்மதா மேண்டலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த பிரிட்ஜ் ஒட்டியிருக்கா?"

"இல்ல மேடம். கம்பி அழுத்தத்துலதான் நிக்கும். அதான் கம்பிய ஒண்ணொண்ணா மாத்தணும். மொத்தமாக் கழட்டுனா கையோட வந்துரும். எடம் கொஞ்சம் நவுந்தாக்கூட மேல சுருதி நிக்காது."

"கம்பியத் தளர்த்து."

ஸ்டீவன் தளர்த்திவிட்டு பிரிட்ஜைத் தூக்கினான். அடியிலும் சந்தனம். காய்ந்து இறுகிய சந்தனத்தில் பிரிட்ஜின் கால் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. நர்மதா தம்பி பக்கம் திரும்பினாள்.

"மோகனு, பொட்டு வெச்சது யாரு?"

"நான்தான்க்கா. நேத்து சாயந்திரம். அப்புறம் யாரும் தொடல. காலைல எடுத்து நேரா கார்ல வெச்சேன்."

"ஸ்டீவன் இன்னிக்கு நவுத்தியிருந்தா, காஞ்ச சந்தனம் உதிர்ந்துதான் போயிருக்கும். தடம் பதியாது. ஈரமா இருக்கசொல்லவே பிரிட்ஜை மேல நிக்க வெச்சிருக்காங்க. நேத்து. நம்ம ஊட்டுல. புதுக் கம்பி போட்டது யாருடா?"

மோகன்ராஜின் முகம் செத்துப்போனது.

"பூஜைக்குத் தொடைக்கலாம்னு எல்லாக் கம்பியும் கழட்டுனேன். அது கையோட வந்துச்சு. பொட்ட வெச்சிட்டு, குத்துமதிப்பா நிக்க வெச்சேன். இதனாலன்னு சத்தியமா தெரியாதுக்கா."

"இவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"போயும் போயும் இவன்கிட்டயான்னு..." மோகன்ராஜ் தலையைத் தொங்கப்போட்டான்.

ஸ்டீவன் சந்தனத்தைத் துடைத்து, பிரிட்ஜை மெல்ல நகர்த்தி, கம்பியை முறுக்கி, மேலும் கீழும் தட்டிப் பார்த்து நீட்டினான். "வாசிங்க சார்."

மோகன்ராஜுக்குக் கை எழவில்லை. "கேட் பாஸ் உன்கிட்டயே இருக்கட்டும்," என்றான் தரையைப் பார்த்து.

நர்மதாவுக்கு மானமே போனது. தம்பி சொன்னதும் இவன் பையில்தானே கை வைத்தோம்? வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டோமா? "மன்னிச்சிடுப்பா."

"எல்லார் எதிர்லயும் கொட்னீங்க மேடம். எல்லார் எதிர்லயும் எடுத்து வெச்சிடுங்க."

சப் இன்ஸ்பெக்டர் முட்டி போட்டாள். டப்பா, சட்டை, பைபிள். மோகன்ராஜும் பக்கத்தில் குனிந்து ஹேர்பேண்டை எடுக்கப் போனான். கிறிஸ்டினா முந்திக்கொண்டாள்.

"அதைத் தொடாதீங்க சார். எம்பொண்ணு போட்டுக்கறது."