ஆடாமல் நில்

படத்தில் நேற்றுத் துடைத்த கறை இன்று திரும்பி வந்திருந்தது. குளத்தின் கம்பி வேலியை விட்டு இரண்டடி முன்னால்.

மோகனப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகப்பேரில் மூன்றாவது மாடி, பிற்பகல் வெயில், பக்கத்து வீட்டிலிருந்து சாம்பிராணிப் புகை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் கண்ணாடித் தகட்டில் பிடித்த நகரப் பூங்காக்களின் படங்களைக் கணினியில் கறை நீக்கிக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் காலத்துக் கேமரா சரியான சோம்பேறி. ஒரு படம் பதியப் பல நொடி ஆகும். மரமும் பெஞ்சும் அப்படியே விழும். நடந்தவர்கள் புகையாகத்தான் விழுவார்கள். ஓடினவர்கள் விழவே மாட்டார்கள்.

அவள் மகள் ரோஷினி அந்த ரகம். ஆறு வயதுக்குள் ஒரு போட்டோவுக்காவது நின்றாளா? "ஆடாம நில்லுடி" என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். போன் முழுக்க மங்கல். காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அன்று, ஐஸ் பெட்டிக்குள்தான் ஒரு படம் தெளிவாக விழுந்தது. சுவரில் மாலையோடு தொங்குவது அதுதான். மூக்குப் பஞ்சையும் தாடைக்கட்டையும் அழித்து, மூடியிருந்த கண்களைத் திறந்ததுபோல் வரைந்தவள் பெற்றவளேதான். இடது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. திருத்த மனசு வரவில்லை.

ஆனாலும் தினமும் நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், கூடத்திலிருந்து சமையலறை வரை சின்னக் கால்கள் தடதடவென்று ஓடும். எட்டு மாதமாக ஓடுகிறது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. அதைக் கேட்பதற்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறாள்.

செல் அடித்தது. கணவன் சம்பத்.

"இன்னா மோனா, சாப்ட்டியா இல்லியா? அந்தப் படத்தயே பாத்துகினு கீறியா?"

"சாப்ட்டேங்க. ஒரு கறை, மூணு நாளா போவ மாட்டேங்குது."

"வுட்டுத் தள்ளு. நான் ஆறு மணிக்கு ஊட்டுக்கு வந்துர்றேன்."

கறையைப் பெரிதாக்கினாள். இடுப்புயரப் புகை. ஒரு பக்கம் பறக்கும் பின்னல். கீழே, ஒரு காலில் மட்டும் சரிந்து கிடக்கும் சாக்ஸ்.

அவள் விரல் திரையில் அந்தச் சாக்ஸைத் தொட்டது. எத்தனை தடவை இழுத்துவிட்ட சாக்ஸ். மூன்று நாளாக அவள் துடைத்துக்கொண்டிருந்தது கறையை அல்ல.

மணி நாலு. கூடத்தில் கால்கள் ஓடின. திரையில் புகை அசைந்தது. கால்கள் திரும்பின. புகையும் திரும்பியது.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டுடா. அம்மா பாத்துக்குறேன். ஆடாம நில்லு கண்ணு."

கால்கள் நின்றன.

பாதி ஓட்டத்தில். சட்டென்று.

மின்விசிறிச் சத்தம் மட்டும். திரையில் புகை இறுகியது. பின்னல். கழுத்து. தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. மூக்கில் பஞ்சு.

கண்கள் திறந்திருந்தன. அவள் வரைந்த கண்கள். இடது கண் கொஞ்சம் பெரிது.

"ஓடு," என்றாள் மோகனப்பிரியா. "அம்மா இனிமே சொல்ல மாட்டேன். ஓடுடி. ஓடு தங்கம்."

கூடத்தில் சத்தமில்லை.

பூங்காவின் நடுவில், இமைக்காமல், முதல் முறையாக அம்மா பேச்சைக் கேட்டு, ரோஷினி ஆடாமல் நின்றாள்.